கிட்டியும் பிணையும்

குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் நீதிமன்றத்தின் முன் நிற்கிறான். "வழக்கு முடியுமட்டும் என்னை வெளியே விடுங்கள், அழைக்கும்போதெல்லாம் வருகிறேன், பிணைக்கு ஆள் தருகிறேன்" என்கிறான். விடலாமா, கூடாதா? கேட்பவன் கூலிக்காரனாயினும் சீமானாயினும் நீதிமன்றம் எண்ணிப் பார்ப்பவை சில உண்டு. ஓடி ஒளிவானா? மீண்டும் குற்றம் புரிவானா? சாட்சியைக் கலைப்பானா? பிணை கேட்பவன் போலீஸ்காரனாகவும், வழக்குக் கொட்டடிச் சாவாகவும் இருந்துவிட்டால், இம்மூன்றில் கடைசிக் கேள்வியே முதற் கேள்வியாகிவிடுகிறது. அது ஏன் என்பதற்கான விடை, சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் நம் நாட்டு வரலாற்றிலே தெளிவாகக் கிடக்கிறது.

கும்பெனியார் ஆண்ட காலம். 1816-ஆம் ஆண்டு விதியின்படி தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். வரி வசூலிப்பவரும் அவரே; திருடனைப் பிடிப்பவரும் அவரே; ஊரார் முறையிட்டால் அதைக் கேட்க வேண்டியவரும் அவரே! வரி கட்ட வழியற்ற உழவனையும், களவுக் குற்றம் சுமத்தப்பட்டவனையும் ஒரே வகையாக நடத்தினர். விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, குனிந்தபடியே கொதிக்கும் வெயிலில் நிற்க வைப்பது அண்ணாந்தாள். இவ்விரு தமிழ்ச் சொற்களும் ஆங்கில அரசாங்க அறிக்கையிலே அப்படியே ஏறியிருக்கின்றன. காப்பியம் தந்த மொழியிலிருந்து அவர்கள் எடுத்துச் சென்ற சொற்களிலே இவையுமா இருக்கவேண்டும்!

1854-இல் இலண்டன் பாராளுமன்றத்திலே இக்கொடுமை பேசப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட குழு அமைந்தது. 1855-இல் அறிக்கை தந்தது. குழுவுக்கு வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 பேர் நேரிலே வந்து சொன்னவர்கள். ஏனையோர் எழுத்தில் அனுப்பியவர்கள். இரயில் வண்டி ஓடாத சென்னை மாகாணத்திலே, ஊரில் இருக்கும் தாசில்தாரின் சினத்துக்கு அஞ்சாமல் 519 பேர் நேரில் வந்தனர் என்றால், வர இயலாமற்போனவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? நீதி கேட்டுச் செல்வதிலே உள்ள தொல்லையைக் குழுவே எடுத்துரைத்தது. தொலைவு, செலவு, பழிவாங்கப்படுவோம் என்ற அச்சம் இவற்றோடு, கலெக்டருக்குக் கொடுத்த மனு தாசில்தாரிடமே திரும்பி வந்து சேரும் விந்தையும் இருந்தது.

அறிக்கை வெள்ளை அதிகாரிகளைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, பழியனைத்தையும் கீழே இருந்த நம்மவர் தலையிலே போட்டது. வரி வெள்ளையனுக்கு, வசை கறுப்பனுக்கு! 1857-இல் நியூயார்க் ஏடொன்றில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய காரல் மார்க்ஸ், அந்தப் பூச்சைக் கீறிக் காட்டினார்.

எனினும் அறிக்கை வீண்போகவில்லை. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துப் போலீஸ் தனித் துறையாயிற்று; வரி வசூல் வேறு, காவல் வேறு என்று பிரிந்தது. போலீஸ் அதிகாரியிடம் தரும் குற்ற ஒப்புதல் சாட்சியம் ஆகாது என்ற விதி 1861-இல் வந்தது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாக நிலைத்தது. தன் போலீசையே நம்பாத அரசு என்று எவரேனும் நகைக்கலாம். ஆனால் அந்த அவநம்பிக்கை சுவரிலிருந்து முளைத்ததல்ல. 1,959 முறையீடுகளிலிருந்து முளைத்தது. பிடியில் இருப்பவனின் வாய்ச்சொல்லை, பிடித்திருப்பவன் கொண்டுவந்து கொடுத்தால் ஏற்பதற்கில்லை. இதுதான் அவ்விதியின் உட்பொருள்.

அந்த உட்பொருளைப் பிணை மனுவின் பக்கம் திருப்பிப் பாருங்கள், தோழர்களே! கொட்டடிச் சாவு வழக்கிலே சாட்சி யார்? உடன் பணியாற்றிய காவலர், பக்கத்து அறையிலே இருந்த கைதி, நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர். சான்று எங்கே? நிலையத்துப் பதிவேட்டிலே, இலத்தியிலே, கேமராப் பதிவிலே. அத்தனையும் குற்றம் சாட்டப்பட்டவர் நேற்றுவரை ஆண்ட இடத்திலே இருப்பவை. மத்தியப் பிரதேசத்தில் 1981-இல் நிகழ்ந்த கொட்டடிச் சாவொன்றை 1995-இல் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் நேர்ச் சாட்சியம் அரிதாகவே கிடைக்கிறது என்றும், சக காவலர் உடன்பிறப்புப் பாசத்தால் வாய் மூடியிருப்பர் என்றும் வெளிப்படையாகவே சொல்லிற்று. கீழ் நீதிமன்றங்கள் உண்மைக்குக் கண்ணை மூடிக்கொண்டதாகக் கடிந்துகொள்ளவும் செய்தது.

பிணை மறுப்பது தண்டனையன்று. தண்டனையாக அதைப் பயன்படுத்தவும் கூடாது. போலீஸ்காரனும் குடிமகன், குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை அவனும் குற்றமற்றவனே. பிணையே விதி, சிறை விலக்கு என்று 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னார். ஏழைகளின் சார்பில் நின்று சொன்ன சொல் அது. ஆனால் அதே தீர்ப்பிலே, நீதியின் போக்கைக் குலைக்கக்கூடியவரும் சாட்சிகளை மிரட்டக்கூடியவரும் அவ்விதிக்கு அப்பாற்பட்டவர் என்றும் அவரே எழுதிவைத்தார். முற்பாதியை மட்டும் ஓதிப் பிற்பாதியை விழுங்குவோர் உண்டு.

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், சென்னை மத்தியச் சிறையிலே அடிபட்ட கழகத் தோழர்கள் மிசாக் கைதிகள். பிணை கேட்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை. அங்கே தாக்குண்ட சிட்டிபாபு 1977-இல் மறைந்தார். அச்சிறையில் நடந்தவற்றை நீதிபதி இஸ்மாயில் விசாரணை நடத்தி வெளிக்கொணர்ந்தது ஆட்சி மாறிய பின்னரே.

2020-ஆம் ஆண்டு சூன் 19. கொரோனா ஊரடங்கு. கடையைக் குறித்த நேரத்துக்குப் பிறகும் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்திலே ஒரு தந்தையையும் மகனையும் நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச் சிறை. 22-ஆம் நாள் மகன் மாண்டார். 23-ஆம் நாள் தந்தை மாண்டார். கொட்டடிச் சாவை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்பது 2006-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம். அதன்படி நடுவர் நிலையத்துக்குச் சென்றார். நீதித்துறை நடுவரையே காவலர் ஒருவர் இழிவாகப் பேசினார் என்றும், கேமராப் பதிவுகள் அழிந்திருந்தன என்றும், உண்மை சொல்ல முன்வந்த பெண் தலைமைக் காவலர் அஞ்சி நடுங்கினார் என்றும் அவருடைய அறிக்கை கூறிற்று.

நடுவருக்கே இந்த நிலை என்றால், எதிர்க்கடைக்காரர் எம்மாத்திரம்? உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓர் ஆணை பிறப்பித்தது. தடயங்களைக் காப்பதற்காக, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. தாசில்தார் பிடியிலிருந்து மக்களைக் காக்க 1859-இல் போலீசைப் பிரித்தார்கள். போலீஸ் பிடியிலிருந்து சான்றைக் காக்க 2020-இல் வருவாய்த் துறையை உள்ளே அனுப்பினார்கள்! சாட்சி சொன்ன தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பும் நீதிமன்றமே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. போலீசுக்கு எதிராகச் சாட்சி சொன்ன போலீசுக்குப் பாதுகாப்பு!

கைதானவர் பதின்மர். ஒருவர் கொரோனாவால் இறந்தார். ஒன்பதின்மர் மீது மத்தியப் புலனாய்வுத் துறை அவ்வாண்டு செப்டம்பரிலே குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது. தொண்ணூறு நாள் கெடு தாண்டியிருந்தால் அவர்கள் பிணையை உரிமையாகவே கேட்டிருப்பர்; கெடு தாண்டவில்லை. பிறகு அவ்வாண்டும் அடுத்த ஆண்டுகளிலும் பிணை மனுக்கள் வந்தபடி இருந்தன. தள்ளுபடி ஆனபடியும் இருந்தன. சாட்சிகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, நடுவரின் அறிக்கை முன்னரே விடை எழுதிவைத்திருந்தது.

காவலில் இருந்தபோது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது என்று தெரிந்தால், அதை ஏற்படுத்தியவர் காவல் வைத்திருந்த அதிகாரியே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனும் புதிய பிரிவைச் சாட்சியச் சட்டத்திலே சேர்க்கும்படி, 1985-இல் சட்ட ஆணையம் தனது 113-ஆவது அறிக்கையிலே பரிந்துரைத்தது. 2023-இல் பழைய சட்டத்தை நீக்கிப் புதுச் சாட்சியச் சட்டம் இயற்றினார்கள். 25-ஆம் பிரிவு 23-ஆம் பிரிவாயிற்று. சட்ட ஆணையம் கேட்ட பிரிவுக்கு அதிலே இடமில்லை.