கைப்பேசிக்குள் ஒரு காதலன்

சென்ற பொங்கலுக்குப் பேத்தி ஊருக்கு வந்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். எனக்கு வயதின் காரணமாக விடிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். அன்றும் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். கூடத்தில் இவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். ஓர் ஆண்குரல் ஏதோ மொழியில் பேசியது.

"யாரும்மா இந்த நேரத்துல?"

"யாருமில்ல தாத்தா. கேம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. 38 வருடம் தொலைபேசித் துறையில், அதிலும் பாதி நாள் இரவுப் பணியில் இருந்தவன் நான். அகால வேளையில் மணி அடித்தால் ஒன்று சாவுச் செய்தி, இல்லையென்றால் பிரசவச் செய்தி என்றுதான் எனக்குத் தெரியும். விளையாட்டுக்காக மணி அடிப்பது எனக்குப் புதிது.

காலையில் காப்பி குடிக்கும்போது விளக்கினாள். அது கொரிய நாட்டு விளையாட்டு. பெயர் மிஸ்டிக் மெசஞ்சர். சோலில் உள்ள செரிட்ஸ் என்ற நிறுவனம் 2016இல் வெளியிட்டது. ஜப்பானிய அனிமே பாணியில் வரைந்த சில இளைஞர்கள் அதில் வருவார்கள். நாம் பார்ப்பது ஓர் அரட்டைப் பெட்டி மட்டும்தான். கதை 11 நாள் நடக்கும். நம் கடிகாரத்தில் எத்தனை மணியோ அதுதான் கதையிலும் மணி. இரவு 3 மணிக்கு அரட்டை திறக்கிறது என்றால் நாமும் 3 மணிக்கு விழித்திருக்க வேண்டும். தவறவிட்டதைத் திறக்க 'மணல் கடிகாரம்' என்ற ஒன்றைச் செலவழிக்க வேண்டும். அதைக் காசு கொடுத்தும் வாங்கலாம். நடுநடுவே அந்த இளைஞர்கள் போன் செய்வார்கள். பேச்சு கொரிய மொழி, திரையில் ஆங்கில எழுத்து ஓடும்.

"அப்படி என்னதாம்மா பேசுவான்?"

"சாப்பிட்டியான்னு கேப்பான் தாத்தா."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு, இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு மாதம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பெரிய ஆச்சரியம், இந்தக் கதையில் ஆரம்பத்திலிருந்தே எங்கள் டெலிபோன் இருந்திருக்கிறது!

1987 டிசம்பர் 1. ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஸ்கொயர் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு விளையாட்டை வெளியிட்டது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவிக்கான சிறு வட்டு அது. கதாநாயகி மிஹோ நகயாமா. அப்போது 17 வயது, ஜப்பான் முழுவதும் கொண்டாடிய பாடகி, நடிகை. கதை எளிது. நீங்கள் ஒரு பள்ளியில் சேர்கிறீர்கள். அங்கே ஒரு மாணவி அந்த நடிகையைப் போலவே இருக்கிறாள். அவளிடம் பேச வேண்டும். என்ன பேசுவது என்பதோடு, சிரித்துக்கொண்டு பேசுவதா, வருத்தமாகப் பேசுவதா என்று முகபாவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனிமேல்தான் விசேஷம். விளையாட்டின் நடுவே திரையில் ஒரு தொலைபேசி எண் வரும். அது கதைக்குள் இருக்கும் எண் இல்லை, நிஜமான எண். பையன் எழுந்து போய் வீட்டு டெலிபோனில் அந்த எண்ணைச் சுழற்றினால் மறுமுனையில் நகயாமாவின் குரல் கேட்கும். முன்கூட்டியே பதிவு செய்த குரல்தான். இருந்தாலும் காதோரம் கேட்கிறதே!

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பெரியவரின் ஞாபகம் வந்தது. எழுபதுகளின் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். கையால் சொருகி இணைப்புக் கொடுக்கும் பலகை. இரவு 11 மணிக்கு மேல் ஒரு வீட்டு விளக்கு எரியும். "நம்பர் ப்ளீஸ்" என்பேன். "மணி என்ன தம்பி?" என்பார் ஒரு பெரியவர். சொல்வேன். "சரி தம்பி" என்று வைத்துவிடுவார். தினமும் இதே கதை. ஒருமுறை வேறு வேலையாக அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. கூடத்தில் ஆளுயரக் கடிகாரம் டிங் டாங் என்று ஆடிக்கொண்டிருந்தது. மனைவி தவறிப் போய் இரண்டு வருடம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் மணி கேட்டால், மணியோடு இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

மனிதனுக்கு வேண்டியது ஒரு குரல். இதை ஜப்பான்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

1994 மே மாதம் கொனாமி நிறுவனம் 'டோக்கிமெக்கி மெமோரியல்' வெளியிட்டது. இந்த வகை விளையாட்டுகளுக்கு இதுதான் அச்சு என்று சொல்லலாம். உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடம். பையன் படிக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், உடை, தோற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் ஏறும், இறங்கும். நண்பன் ஒருவன் பெண்களின் டெலிபோன் எண்களை வாங்கித் தருவான். போன் செய்து, விடுமுறை நாளில் வெளியே வர முடியுமா என்று கேட்க வேண்டும். ஒரு பெண்ணை ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் அவள் மனதில் 'வெடிகுண்டு' உருவாகும். அது வெடித்தால் மற்றவர்களிடமும் நம் பேர் கெடும். கடைசி நாளில், பள்ளி வளாகத்தில் உள்ள ஒரு மரத்தடியில் அவள் காதலைச் சொன்னால் வெற்றி.

அதே 1994இல், செப்டம்பர் மாதம், பெண்களுக்காக 'ஏஞ்சலிக்' வந்தது. கோயெய் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான கெய்கோ எரிகாவா பெண்களைக் கொண்டே ஒரு குழு அமைத்து இதை உருவாக்கினார். நாயகி ஒரு பிரபஞ்சத்துக்கே ராணியாகப் போட்டியிடுகிறாள். வழியில் காதல் வந்தால், காதலா சிம்மாசனமா என்று முடிவு செய்ய வேண்டும். என் பேத்தி விளையாடும் விளையாட்டின் பாட்டி இதுதான்.

இந்தப் பழைய விளையாட்டுகளில் நான் கவனித்த விஷயம் ஒன்று. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் வட்டு உங்களுடையது. கதைக்கு ஒரு முடிவும் உண்டு. மரத்தடியோ சிம்மாசனமோ, 'சுபம்' போட்டுவிடுவார்கள். பையன் எழுந்து வெளியே போகலாம்.

2009 செப்டம்பரில் அந்த 'சுபம்' போய்விட்டது. கொனாமியே வெளியிட்ட 'லவ் ப்ளஸ்' என்ற விளையாட்டு, கையடக்க நிண்டெண்டோ கருவிக்கு வந்தது. மற்ற விளையாட்டுகள் முடியும் இடத்தில் இது தொடங்கியது. அவள் காதலைச் சொன்ன பிறகுதான் தினசரி வாழ்க்கையே ஆரம்பம். நிஜக் கடிகாரப்படி அவளுக்குக் காலை, மாலை எல்லாம் உண்டு. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வாள். முடிவே கிடையாது. அந்த வருடமே ஒருவர் அதில் வரும் ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொள்வதாகச் சடங்கு நடத்தி, உலகச் செய்தியானார்.

மறு வருடக் கோடையில் அட்டாமி என்ற கடலோர ஊர் இந்த விளையாட்டோடு கைகோத்தது. ஒரு காலத்தில் புதுமணத் தம்பதிகள் தேனிலவுக்குப் போன வெந்நீர் ஊற்று ஊர் அது, பிறகு கூட்டம் குறைந்துவிட்டது. கையில் கருவியோடு தனியாக வந்த இளைஞர்களை அங்கே ஜோடியாக வந்ததுபோல் வரவேற்றார்கள். அந்த ஊர்க் கடற்கரையில் ஒரு பழைய சிலை உண்டு. 1897இல் தொடராக வர ஆரம்பித்த ஒரு பிரபல நாவலின் காதலர்கள். பணக்கார மாப்பிள்ளைக்காகத் தன்னைக் கைவிட்ட காதலியை அவன் உதைக்கும் காட்சி! காதலும் பணமும் மோதிக்கொள்ளும் கதைக்கு அந்த ஊர் புதிதில்லை.

பிறகு எல்லாம் கைப்பேசிக்கு வந்தது. விளையாட்டு இலவசம், உள்ளே போனால்தான் செலவு. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் இயந்திரங்கள் உண்டு, 'கச்சா' என்பார்கள். அதே முறையில் படச்சீட்டுகளை விற்றார்கள். எது விழும் என்று தெரியாது. நம் ஊர்த் திருவிழாச் சுரண்டல் சீட்டு மாதிரிதான். சில சீட்டுகள் முழுவதும் சேர்த்தால்தான் பரிசு என்ற முறையை ஜப்பான் அரசே 2012இல் சட்டவிரோதம் என்று நிறுத்தியது. 2017 டிசம்பரில் சீனாவில் 'லவ் அண்ட் புரொட்யூசர்' வந்தது. அடுத்த மாதமே அதன் நாயகன் ஒருவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல, ஷென்ஜென் நகரக் கட்டடத்தின் பெரிய மின்திரையை ஒரு ரசிகை வாடகைக்கு எடுத்தார்.

லவ் ப்ளஸும் 2019 அக்டோபரில் கைப்பேசிக்கு வந்தது. 2020 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். பத்து மாதம்கூட முழுசாக ஓடவில்லை. 2009இல் வாங்கியவர்களின் பெட்டியில் அந்தப் பெண் இன்றைக்கும் காலை வணக்கம் சொல்வாள். கைப்பேசியில் வந்தவள் நிறுவனத்தின் கணினியில் குடியிருந்தவள். அதை அணைத்ததும் அவளும் போய்விட்டாள். மரத்தடி முடிவை எழுதியவர் ஒரு கதாசிரியர். இந்த முடிவை எழுதியது ஒரு கணக்குப் புத்தகம்.

முதலில் எண் கொடுத்துக் குரல் கேட்க வைத்த மிஹோ நகயாமா 2024 டிசம்பரில் தமது 54ஆம் வயதில் காலமானார். அன்று காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு நின்ற பையன்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். அவர்களில் பலர் அன்று ஒரு நிமிடமாவது அந்தக் குரலை நினைத்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

இதையெல்லாம் படித்த பிறகு பேத்தியைத் திட்டத் தோன்றவில்லை. காசு போட்டுச் சீட்டுத் திருகாதே என்று மட்டும் சொன்னேன். "அதெல்லாம் போடறதில்ல தாத்தா" என்றாள். ஆனால் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒரு பெரியவருக்கு வருடக்கணக்கில் மணி சொன்னவன் நான். சொந்தப் பேத்தி தனியாக இருக்கிறாள். அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க, கொரியாவிலிருந்து ஒருவன் வர வேண்டியிருக்கிறது.

எப்படியும் 3 மணிக்கு விழித்துக்கொள்கிறேன். போன வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் தாத்தா. நீங்க தூங்கலையா?" என்று கேட்டு, ஆபீஸ் கதை, அறைத்தோழி கதை என்று பத்து நிமிடம் பேசினாள். பிறகு திடீரென்று, "தாத்தா, சாட் திறந்துடுச்சு. வெச்சுடட்டுமா? நாளைக்குக் கூப்பிடுங்க" என்றாள்.

வைத்துவிட்டேன். நாளைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாளே, அது போதும். மறுநாளும் கூப்பிட்டேன்.