ஆட்டத்துக்குள் வந்த விளம்பரம்



எங்கள் வெள்ளகோவில், கோவையிலிருந்து பல்லடம், காங்கயம் வழியாகக் கரூருக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர். விசைத்தறியும் எண்ணெய் ஆலையும் முருங்கைக்காய்ச் சந்தையும் இவ்வூருக்குச் சோறு போடுவன. இங்கிருந்து பேருந்தேறிக் காங்கயம் வழியாகத் திருப்பூர் செல்வோர், சாலையின் இருமருங்கிலும் பயிரைக் காண்பதைவிடப் பனியன் விளம்பரங்களை மிகுதியாகக் காண்பர். அதற்காக எவரும் சினந்ததாக நான் கேட்டதில்லை. ஆனால், நடுவழியில் பேருந்தை நிறுத்தி, "இந்தப் பனியனின் பெருமையை அரை நிமிடம் கேளுங்கள், பிறகே வண்டி நகரும்" என்று நடத்துநர் சொல்வாரானால் பயணிகள் என்ன செய்வர்? இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடுதான் நான் இன்று சொல்லவந்த வரலாற்றின் உயிர்நிலை. கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகளுக்குள் வணிகப் பெயர்கள் எவ்வாறு நுழைந்தன, ஆடுவோர் அவற்றை எவ்வாறு ஏற்றனர் அல்லது எதிர்த்தனர் என்பதே பொருள்.

பொழுதுபோக்கோடு விளம்பரம் ஒட்டிக்கொள்வது புதிதன்று. நான் பள்ளிச் சிறுவனாயிருந்த நாளில் டூரிங் டாக்கீஸில் படம் தொடங்குமுன் உள்ளூர்த் துணிக்கடையின் பெயரெழுதிய கண்ணாடித் துண்டைத் திரையில் காட்டுவார்கள். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டம், தனக்குத் தெரிந்த கடைக்காரர் பெயரைக் கண்டால் சீழ்க்கையடித்து மகிழும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் பாட்டுகளுக்கிடையே வந்த விளம்பரங்களை நாங்கள் பாட்டைப் போலவே மனப்பாடம் செய்திருந்தோம். நம் நாட்டு வானொலி 1967 நவம்பர் முதல் நாளில்தான் விவித பாரதியின் வழியே, அதுவும் முதலில் பம்பாய், புனே, நாகபுரி நிலையங்களில், விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. இவை எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனியுங்கள்: விளம்பரம் படத்துக்கு முன்னால் வந்தது, பாட்டுக்கு இடையில் வந்தது, கதாநாயகன் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை.

கணினி விளையாட்டுக்குள் விளம்பரம் தலைகாட்டியது 1978 ஆம் ஆண்டில் என்பர். ஸ்காட் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கர் எழுத்துகளாலேயே அமைத்த 'அட்வென்சர்லாந்து' என்ற விளையாட்டில், தாம் அடுத்து வெளியிடவிருந்த விளையாட்டின் அறிவிப்பையும் சேர்த்திருந்தார். 1982 இல் ஜப்பானிய நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'போல் பொசிஷன்' என்னும் கார்ப் பந்தயத்தில், பாதையோரப் பலகைகளில் பெப்சி, கேனான் போன்ற உண்மைப் பெயர்கள் இருந்தன. கார்ப் பந்தயத் திடலில் அத்தகைய பலகைகள் உண்மையிலும் உண்டாதலால் ஆடியவர்க்கு அது உறுத்தவில்லை. மறு ஆண்டில் வந்த 'டாப்பர்' வேறு வகை. மதுக்கடைப் பணியாளாக நின்று பீர்க் குவளைகளைத் தள்ளிவிடும் ஆட்டம் அது. பின்புலத்தில் பட்வைசர் என்ற பீரின் பெயர் பெரிதாகத் தெரியும். சிறுவர்களும் காசு போட்டு ஆடும் கூடங்களில் மது விளம்பரமா என்ற எண்ணம் எழவே, 1984 இல் அதே ஆட்டம் 'ரூட் பீர்' என்னும் மதுவில்லாப் பானத்தின் பெயரோடு மாற்றி வெளியிடப்பட்டது. 1992 இல் வந்த 'சூல்' என்ற விளையாட்டின் முதற்கட்டம் முழுவதும் சுப்பா சுப்ஸ் மிட்டாய் மயம்.

இனி, நம் பக்கத்துக்கு வருவோம். 2006 நவம்பரில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 'கிரிக்கெட் 07' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதற்குப் பின் அந்நிறுவனம் கிரிக்கெட் விளையாட்டே வெளியிடவில்லை. 2008 ஏப்ரலில் ஐ.பி.எல். பிறந்தபோது, அதற்கு முன்பே வெளியான இவ்விளையாட்டில் சென்னை அணியும் இல்லை, மும்பை அணியும் இல்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற நாடுகளிலும் இருந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விளையாட்டின் உள்ளே இருக்கும் படக் கோப்புகளை வெளியே எடுத்து, தாமே வரைந்த சட்டைகளையும் மைதானங்களையும் அவற்றின் இடத்தில் பொருத்தினார்கள். 'பேட்ச்' என்று அவர்கள் வழங்கும் அத்திருத்தத் தொகுப்புகள் இலவசமாகக் கைமாறின.

அக்காலத்தில் எங்கள் ஊர்ப் பிரவுசிங் சென்டர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாலைதோறும் அடைந்து கிடக்கிறான் என்று கேள்வியுற்று, கண்டிக்கும் நோக்கத்தோடு ஒருநாள் நான் சென்றேன். அவன் ஆடிக்கொண்டிருக்கவில்லை. எல்லைக்கோட்டருகே உள்ள பலகைகளில் நிறுவனப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில் பார்த்த அதே பெயர்கள், அதே நிறங்கள், அதே வரிசை. "யாராவது கூலி தருகிறார்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க சார். பேர் இல்லாட்டி மைதானம் மொட்டையா இருக்குதுங்க" என்றான். கண்டிக்கச் சென்றவன் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் திரும்பினேன். (அவன் இன்று திருப்பூரில் பனியன் துணிக்கு அச்சு வடிவம் அமைக்கும் தொழிலில் இருக்கிறான், என் கண்டிப்பு தவறியதும் நல்லதாயிற்று.)

வணிகர்கள் கோடி கோடியாகக் கொடுத்து வாங்கும் இடத்தை ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை காசில்லாமல் அவர்களுக்கு நிரப்பித் தந்தான். அவர்கள்மேல் அன்பினால் அன்று. அவனுக்கு வேண்டியது உண்மையான மைதானம். உண்மையான மைதானத்தில் விளம்பரம் உண்டு. ஆகவே பொய் மைதானத்திலும் அது வேண்டும். கணினி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தை வெறுப்பவர்கள் என்று பொதுப்படப் பேசுவோர் இந்தப் பேட்ச் வரலாற்றை அறியாதவர்கள் என்றே சொல்வேன்.

எனினும் வெறுப்பு இல்லாமலில்லை. 'கிரிக்கெட் 07' வெளிவந்த அதே காலத்தில், 2006 அக்டோபரில், 'பேட்டில்ஃபீல்ட் 2142' என்ற போர் விளையாட்டும் வந்தது. அதன் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு. இணையத்தின் வழியே விளையாட்டுக்குள் விளம்பரங்கள் மாறிமாறி வரும் என்றும், அதற்காக ஆடுவோரின் கணினி முகவரி முதலிய செய்திகள் பெறப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். "பொருளுக்கும் காசு, என்னை வேவு பார்ப்பதற்கும் நானே காசா?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதில் நியாயமில்லை என்று எவர் சொல்ல முடியும்? இரண்டாண்டுக்குப் பின், 2008 அக்டோபரில், அமெரிக்கத் தலைவர் தேர்தலுக்கு நின்ற ஒபாமாவின் விளம்பரங்கள் 'பர்ன்அவுட் பாரடைஸ்' என்னும் கார் விளையாட்டின் சாலையோரப் பலகைகளில் பத்து மாநிலங்களில் ஆடுவோர்க்குத் தென்பட்டன. பலகை சாலையோரத்தில் நின்றமையால், அது பெரும்பாலும் ஒரு வியப்புச் செய்தியாகவே போயிற்று.

2020 ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த 'யு.எஃப்.சி. 4' என்ற குத்துச்சண்டை போன்ற விளையாட்டில், சில வாரங்கள் கழித்து, அடி விழுந்த காட்சியை மீண்டும் காட்டும் வேளையில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரம் திரையை நிரப்பியது. வாங்கும்போது இல்லாதது, வாங்கிய பின் வந்தது. எதிர்ப்பு பெருகவே சில நாளில் நிறுவனம் அதை நீக்கியது. அடுத்த மாதமே 'என்.பி.ஏ. 2கே21' என்னும் கூடைப்பந்து விளையாட்டில், ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் நேரத்தில் தாண்டவியலாத விளம்பரம் வந்தது. அங்கும் கூக்குரல் எழுந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அந்த விளையாட்டின் அரங்கினுள்ளே நிறுவனப் பெயர்கள் ஆண்டாண்டாக இருந்துவருகின்றன என்பதையும், அவற்றுக்காக இத்தகைய கூக்குரல் எழவில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

இவ்வளவும் விலை கொடுத்து வாங்கியவர்களின் கதை. நம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் விலை கொடுப்பதில்லை. கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது வீடுதோறும் ஆடப்பட்ட 'லூடோ கிங்', மும்பையிலிருந்து 2016 இல் வந்த விளையாட்டு, அதுவும் இலவசந்தான். இத்தகைய விளையாட்டுகளில் விளம்பரமே ஆக்கியவனுக்குக் கூலி. அரை நிமிட விளம்பரத்தைப் பார்த்தால் இன்னோர் உயிர், அல்லது சில பொற்காசு என்று ஒரு பண்டமாற்று முறையும் உண்டு. தானாக வந்து மறிக்கும் விளம்பரத்தை வைகிற பிள்ளை, இந்தப் பண்டமாற்றை மட்டும் முகம் சுளிக்காமல் ஏற்கிறான். ஏனெனில் இங்கே விளம்பரத்தை அழைத்தவன் அவன்.

ஆனால் அழைத்தபின் உள்ளே வருபவர் யார் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. என் மகள் வயிற்றுப் பெயரன், அப்போது ஏழு வயதினன், பழம் வெட்டும் விளையாட்டொன்றை ஆடிக்கொண்டிருந்தபோது, பணம் வைத்து ஆடும் ரம்மியின் விளம்பரம் வந்தது. "அப்புச்சி, இதுல காசு குடுப்பாங்களாமா?" என்று என்னிடமே கேட்டான். அது விளம்பரம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. விளையாட்டின் அடுத்த கட்டம் என்று நினைத்தான். பேட்டில்ஃபீல்ட் ஆடிய பெரியவர்களுக்குச் சினம் வந்தது, ஏமாற்றப்படுகிறோம் என்று அறிந்ததனால். ஏழு வயதுப் பிள்ளை எதை அறிந்து சினப்பான்? இலவசம்தானே, பொறுத்துக்கொண்டால் என்ன என்று கேட்போருக்கு என் விடை இதுவே.

சூதாட்ட விளம்பரத்தில் சட்டம் மெல்லத்தான் வந்தது. 2020 டிசம்பரில் விளம்பரத் துறையினரின் தர மன்றம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளின் விளம்பரத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் காட்டலாகாது, எச்சரிக்கை வாசகம் இருத்தல் வேண்டும் என்ற நெறியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழகச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய மசோதா திருப்பியனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று; அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றும், ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 முதல் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 என்ற பெயர் விலகிற்று. செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் நம் அணி மார்பில் நிறுவனப் பெயரில்லாத சட்டையோடு ஆடிற்று.

அந்த வாரம் என் பெயரன் தன் தந்தையின் பழைய கணினிமுன் அமர்ந்திருந்தான். அவனுக்கு இப்போது பதினான்கு வயது. அவன் ஆடுவதும் அந்தக் 'கிரிக்கெட் 07'தான். பத்தொன்பது ஆண்டுக்குப் பின்னும் அதற்குப் பேட்ச் செய்வோர் இருக்கின்றனர். திரையில் இந்திய அணியின் சட்டையைப் பெரிதாக்கி, மார்பிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்து நீலம் பூசிக்கொண்டிருந்தான். "மொட்டையாக இருக்கிறதே" என்றேன். "மேட்ச்சுல இப்ப அப்படித்தானுங்க அப்புச்சி இருக்குது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீரரின் சட்டையைத் திறந்தான்.