மண்ணில் முதிர்ந்த மட்டு

சங்ககால மது என்றதும் நம் ஆய்வரங்குகளில் அரிக்கமேடே முதலில் பேசப்படுகிறது. 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட ஆம்போராச் சாடித் துண்டுகளும், யவனர் தந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதைப் பாடும் புறநானூற்று 56ஆம் பாடலும் அருகருகே வைக்கப்படுகின்றன.

அச்சாடிகள் புறப்பட்ட உலகில், எப்போது அருந்துவது என்பது ஆண்டுக்கணக்கு. ரோமானியர் விளைச்சல் ஆண்டை ஆட்சியிலிருந்த கான்சல்களின் பெயரால் குறித்தனர். ஒபிமியஸ் கான்சலாயிருந்த கி.மு. 121ஆம் ஆண்டின் மது தலைமுறைகள் கடந்தும் போற்றப்பட்டது. ஃபலெர்னிய மது பதினைந்தாம் ஆண்டில்தான் நடுவயதை எட்டுகிறது என்றார் பிளினி.

பாரியின் நாட்டைப் பாடும் கபிலரின் 120ஆம் பாடலில் வேறொரு கணக்கு இருக்கிறது. வரகு, தினை, எள், அவரை ஆகியவற்றின் விளைச்சலைச் சொன்ன பிறகே, நிலத்தில் புதைத்து முதிர்வித்த மட்டு குடிசைதோறும் பகிரப்படுவதைக் கபிலர் சொல்கிறார். இங்கே ஆண்டெண் இல்லை. பயிரின் விளைவோடு சேர்ந்தே மதுவின் பருவமும் வருகிறது. முதிர்ந்த மதுவுக்கும் விளைந்த பயிருக்கும் ‘விளைதல்’ என்னும் ஒரே வினை சங்கத்தமிழில் வழங்குவது இதற்கு இயைபானது.

திருமுருகாற்றுப்படையின் குறவர் அருந்தும் தேறலோ நெடிய மூங்கிலில் விளைந்தது. மூங்கில் மட்கிப்போகும், சுட்ட மண்சாடி எஞ்சும். எனவே சாடித் துண்டுகளை மட்டும் நம்பி எழுதப்படும் மதுவின் வரலாறு, அரசனின் பொற்கலத்தோடு நின்றுவிடும். குடிசைகளின் முதிர்ந்த மட்டுக்கு இன்று நமக்குள்ள சான்று பாடல்களே. இலக்கியத்தைத் தொல்லியலுக்குத் துணைச்சான்றாக மட்டும் கொள்ளும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இதுவொன்றே போதுமான காரணம்.

முனிர்கா, புதுதில்லி