துருக்கித் தொப்பியும் பூனா பாரிஸ்டரும்

1905 மே 2ஆம் திகதி, உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியோடு தோன்றிய அப்புக்காத்து எம். சீ. அப்துல் காதரைப் பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். தொப்பியைக் கழற்ற மறுத்து அவர் வெளியேறினார். இலங்கை முஸ்லிம்களின் முதல் அப்புக்காத்தே அவர்தாம். அவருக்காகப் பேச இன்னொருவரை எங்கே தேடுவது?

நம்மவர் பூனாவிலிருந்து மௌலவி ரபீஉத்தீன் அஹ்மதை அழைத்தனர். லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டரானவர். விக்டோரியா மகாராணியின் முன்ஷி அப்துல் கரீமின் நண்பர். வெள்ளையரின் மனமும் தொப்பியின் மானமும் ஒருசேர அறிந்தவர். பொருத்தமான தெரிவுதான். ஆனால் அவர் முழங்கியது நீதிமன்றத்திலன்று, 1905 டிசம்பர் 31இல் மருதானையில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன். சுமார் 30,000 பேர் கூடியதாகச் சொல்வர். தடை பின்னர் தளர்ந்தது. அப்துல் காதர் தொப்பியோடே நீதிமன்றம் திரும்பினார்.