ஹெரால்டின் பின்சக்கரங்கள்: வண்டலூரில் நடந்த ஒரு சஸ்பென்ஷன் மாற்றம்

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே ஒரகடம் என்று கார் ஆலைகளின் வரிசை தொடங்கிவிடும். 1998ல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்த பிறகுதான் சென்னை கார் நகரமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரகடத்திலிருந்து கிழக்கே போகும் சாலை வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையைத் தொடுகிறது. அந்த வட்டாரத்தில்தான், சான்ட்ரோவுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் கார்களைத் தயாரித்தது. 'சொகுசு குறையாமல் காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்துவது எப்படி?' என்ற கேள்விக்கு விடை தேடித் தவித்த நிறுவனம் அது.

1959ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்ட் அறிமுகமானது. இத்தாலியரான மிச்சலாட்டி வடிவமைத்த அழகான கார். 1961 முதல் அதே கார் சென்னையில் 948 சிசி எஞ்சினுடன் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் உருவானது. அம்பாசடரிலும் பத்மினியிலும் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சாயும். ஹெரால்டிலோ நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். அந்தக் காலத்துச் சிறிய கார்களில் இது அரிது.

சரி, அது எப்படி வேலை செய்தது? பின்பக்க டிஃபரன்ஷியல் சேசிஸோடு பொருத்தப்பட்டிருந்தது. அதன் இருபுறமும் ஆக்சில்கள் கதவுக் கீல்போல அசைந்தன. மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். கனமான டிஃபரன்ஷியலைச் சக்கரங்கள் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டியதில்லை. சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குக் குலுக்கலும் குறையும்.

சிக்கலும் அதே கீலில்தான் இருந்தது. கீல் உள்ள கதவு வட்டமாகத்தான் நகரும். அதுபோலச் சக்கரமும் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் சாய்ந்துகொண்டே இருக்கும். குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறினால் காரின் பின்பகுதி அமுங்கி, சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். வேகமாக வளைவில் திரும்பும்போது இதற்கு நேர்மாறு. பின்பகுதி எழும்பினால் சக்கரம் அடியில் மடங்கிப் பிடிப்பை இழக்கும். அமெரிக்காவில் இதே வகை ஆக்சில் கொண்ட ஷெவர்லே கோர்வேரைத்தான் ரால்ஃப் நேடர் 1965ல் தன் புத்தகத்தில் கடுமையாகச் சாடினார்.

இதைச் சரிசெய்ய எவருக்கும் முதலில் தோன்றுவது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவது. அப்படிச் செய்தால் கார் அமுங்காது, ஆனால் எந்தச் சொகுசுக்காகத் தனிச் சக்கரங்கள் வந்தனவோ அது போய்விடும். இங்கிலாந்துப் பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். 1970ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் ஸ்பிரிங்கின் பெரும்பாலான பட்டைகளை நடுவில் ஊஞ்சல்போல் ஆட விட்டார்கள். பள்ளத்தில் ஸ்பிரிங் முன்போலவே அமுங்கும். வளைவில் மட்டும் அது காரின் பின்பகுதியைத் தூக்கிவிடாது. சொகுசும் போகவில்லை, ஆபத்தும் குறைந்தது.

சென்னை எடுத்த முடிவு இதற்கு எதிர்த்திசை. இந்திய வாடிக்கையாளர்களுக்கும் சரி, மெக்கானிக்குகளுக்கும் சரி, ஸ்விங் ஆக்சில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனவே 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் அடிப்படையில் இங்கேயே உருவான நான்கு கதவு 'கேஸல்' காரில் பழையபடி ஒரே துண்டு ஆக்சில் வந்தது!

காகிதத்தில் பார்த்தால் இது பின்னடைவு. குதிக்கும் எடை கூடுகிறது, ஒரு சக்கரத்தின் அடி மற்றதற்கும் போகிறது. ஆனால் எத்தனை பேர் ஏறினாலும் சக்கரம் நேராக நிற்கும். லாரியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இதையும் பார்க்கலாம். குண்டும் குழியுமான சாலையில், பெரிய பட்டறை இல்லாத ஊரில், இது சின்ன விஷயமல்ல. எனினும் கேஸல் குறைந்த எண்ணிக்கையில்தான் தயாரானது. 1977ல் அதுவும் நின்றது. 1985ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 காரும் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 1988ல் உற்பத்தி முடிந்தது.

அந்தக் கேள்வி மட்டும் முடியவில்லை. 2012ல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ டஸ்டரில் பின்சக்கரங்களை முறுக்கிக்கொடுக்கும் ஒரு குறுக்குத் தண்டு இணைத்தது. 2014ல் வந்த நான்கு சக்கர இயக்க டஸ்டரில் அவை தனித்தனியாயின. ஒரே ஆலை, ஒரே கார், இரண்டு விடைகள்! முதலாவது எளிமையானது, விலை குறைவு. இரண்டாவது கரடுமுரடான பாதைக்கு ஏற்றது.

கேஸல் சொல்லும் பாடமும் இதுதான். சஸ்பென்ஷனில் எல்லோருக்கும் பொதுவான 'சிறந்தது' என்று ஒன்று இல்லை. எந்தச் சாலை, எவ்வளவு சுமை, பழுதானால் யார் கையில் போகும் என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் ஸ்பிரிங்கில் கை வைக்க வேண்டும்.