அந்நிய மண்ணில் ஒரு மையவாடி

இலண்டனின் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் உள்ள வோக்கிங் நகரம் முஸ்லிம் உலகிற்கு அறிமுகமான ஊராகும். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே திட்டமிட்டு எழுப்பப்பெற்ற முதல் கட்டடம் அங்குதான் உள்ளது. போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் பொருளுதவியுடன், கீழ்த்திசை மொழியறிஞர் லைட்னர் அதனை 1889இல் கட்டி முடித்தார். பள்ளிவாசலைக் காண வருவோர் பலர். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஹார்ஸல் பொதுவெளியில், மரங்களிடையே நிற்கும் செங்கல் மதிலையும் குவிமாட வாயிலையும் தேடிச் செல்வோர் சிலரே. இரு உலகப் போர்களிலும் உயிர்நீத்த முஸ்லிம் போர்வீரர் 27 பேர் நல்லடக்கம் செய்யப்பெற்ற மையவாடி அது.

1914 செப்டம்பரில் இந்தியப் படைப்பிரிவுகள் பிரான்சின் மார்ஸேய் துறைமுகத்தில் வந்திறங்கின. போர்முனையில் காயமுற்றோர் இங்கிலாந்தின் தென்கரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர்; பிரைட்டன் நகரின் அரச மாளிகையே மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அங்கு இறந்த இந்துக்களும் சீக்கியரும் நகருக்கு வெளியே குன்றின்மேல் எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் 1921இல் சத்ரி என்னும் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. முஸ்லிம்களின் ஜனாஸாக்களோ வோக்கிங்கை நோக்கிப் பயணமாயின.

தனி மையவாடி ஒன்றை அமைக்க ஆங்கில அரசு முன்வந்ததற்கு அரசியல் காரணமும் உண்டு. 1914 நவம்பரில் உதுமானிய ஷைகுல் இஸ்லாம் நேச நாடுகளுக்கு எதிராக ஜிஹாத் பிரகடனம் செய்தார். முஸ்லிம் வீரர்களை ஆங்கிலேயர் மார்க்க முறைப்படி அடக்குவதில்லை என்ற செய்தியை ஜெர்மனி பரப்பியது. அதே ஜெர்மனி, பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் இருந்த போர்க்கைதிகள் முகாமில் 1915இல் பள்ளிவாசலொன்றையும் எழுப்பித் தந்தது. முஸ்லிம் வீரரின் உள்ளத்தை வெல்ல இரு வல்லரசுகளும் போட்டியிட்ட காலம் அது. வோக்கிங் பள்ளிவாசலின் இமாமும் வற்புறுத்தவே, 1915இல் பணி தொடங்கி 1917இல் மையவாடி முழுமை பெற்றது.

இதனைக் கண்ணியம் என்பதா, கணக்கு என்பதா? இரண்டும் என்பதே வரலாற்றுக்கு நேர்மையான விடையாகும். ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும் சமுதாயத்தின் மீதுள்ள ஃபர்ளு கிஃபாயா. இடம் தந்தவரின் உள்நோக்கம் அக்கடமையின் மதிப்பைக் குறைத்துவிடாது. அதே வேளையில், அக்கடமை நிறைவேறியது என்பதற்காக உள்நோக்கத்தை மறைத்து எழுதுவதும் முறையன்று.

அரசியல் தேவை தீர்ந்தபின் நேர்ந்ததைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். கேட்பாரற்றுப் போன அம்மையவாடி விஷமிகளின் சேதத்திற்கு ஆளானது. 1960களின் இறுதியில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு, அருகிலுள்ள புரூக்வுட் இராணுவக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. இன்று ஸியாரத்துக்குச் செல்பவர் கபுறுகளைக் காண வேண்டியது புரூக்வுட்டில்தான். ஹார்ஸலில் எஞ்சிய வெற்றிடம் சீரமைக்கப்பட்டு, 2015இல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வீரர் ஒருவருக்கு ஒன்றாக இமயமலை பூர்ஜ மரங்கள் 27 அங்கு நடப்பட்டுள்ளன. அவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

பெயர் கிடைத்தது சிறிய பேறன்று. 1917இல் நிறுவப்பெற்ற போர்க் கல்லறை ஆணையம், பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடின்றி அனைவரையும் நினைவுகூர்வதே தன் கொள்கை என்றது. ஆனால் 2021இல் அவ்வாணையமே வெளியிட்ட ஆய்வறிக்கை வேறு உண்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்டவர்களுள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர்.

கபுறு ஸியாரத்தை முதலில் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது மறுமையை நினைவூட்டும் என்பதால் பின்னர் அனுமதித்தார்கள். வோக்கிங் செல்லும் நம்மவர் பள்ளிவாசலில் தொழுததோடு திரும்பிவிடாமல், புரூக்வுட் வரை சென்று அந்த 27 பேருக்கும் ஸலாம் உரைத்து துஆச் செய்வார்களாக. பெயர் பொறிக்கக் கல்லின்றிப் போனவர்களையும் அந்தத் துஆவில் சேர்த்துக்கொள்வார்களாக. அவர்களின் பெயர்களை அல்லாஹ் அறிவான்.