உழவனும் பழைய லாரியும்

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் எண்ணுவது நம் வழக்கம். வகுப்பறையில் நானும் அவற்றையே மிகுதியாகக் கற்பித்தேன். இன்று உங்களிடம் ஓர் உழவனின் பழைய லாரியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அஃது அடிக்கடி நின்றுவிடும். நின்றால் அறுவடை சந்தைக்குப் போகாது. நோயாளியும் மருத்துவரிடம் போய்ச் சேரமாட்டார்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1862-ஆம் ஆண்டிலும் கனடாவில் 1872-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள், புல்வெளியில் குடியேறிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் அளித்தன. நிலம் கிடைத்தது, கூப்பிடு தூரத்தில் அண்டை வீடு கிடைக்கவில்லை. அந்தத் தனிமைக்கு நடுவே 1908-இல் ஹென்றி ஃபோர்டின் ‘மாடல் டி’ மோட்டார் வந்தது. 1917-இல் அதே 20 குதிரைத் திறன் எஞ்சினை, ஒரு டன் சுமக்கும் வலுவான சட்டத்தின்மீது ஏற்றி ‘டிடி’ என்னும் லாரியைச் செய்தனர். தொடக்கத்தில் வெறும் சட்டமாகவே விற்றார்கள். பலகை அடித்து உடல் அமைத்துக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு.

குளிர்காலக் காலையை நினைத்துப் பாருங்கள். உறைந்தால் வெடித்துவிடும் என்று முந்திய இரவே ரேடியேட்டர் நீரை வடித்திருப்பார்கள். காலையில் வெந்நீர் ஊற்றவேண்டும். பிறகு முன்னால் நின்று ஹாண்டில் அடிக்கவேண்டும். தீப்பொறி நெம்பை மேலே உயர்த்தி வைக்க மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். ஆகவே இடக்கையால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடித்து, மேல்நோக்கி இழுக்கவேண்டும் என்பது அக்காலத்து எழுதாத பாடம். அபாயம் அத்துடன் தீரவில்லை. குளிரில் எண்ணெய் தடித்துக் கிளச் தட்டுகளை ஒட்டவைக்குமாதலால், எஞ்சின் உயிர்பெற்றதும் லாரி தன்னை எழுப்பியவன்மீதே ஊர்ந்து வரும்! இதற்கு அஞ்சிப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி வைப்பார்கள்.

மேடு ஏறுவதோ தனிக் கலை. எரிபொருளைத் தள்ளப் பம்பு கிடையாது. இருக்கையின் அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு வடிந்தது. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கையில் செங்குத்தான மேட்டில் முன்முகமாக ஏறினால், எஞ்சின் தொட்டியைவிட உயர்ந்துவிடும். பெட்ரோல் போய்ச் சேராது. உழவர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏறினர். புவியீர்ப்பைக் கற்பித்த நாளில் இந்த எடுத்துக்காட்டு என் கையில் இல்லாமற் போயிற்றே என்று இப்போது வருந்துகிறேன்.

பழுது பார்க்கும் கடை தொலைவில் இருந்தது. காசு அதனினும் தொலைவில். ரேடியேட்டர் ஒழுகினால் ஓட்ஸ் மாவைப் போட்டு அடைப்பார்கள். தாங்கிகள் தேய்ந்தால் தோல்துண்டை வைத்து வீடுவரை ஓட்டியவர்கள் உண்டு. பிரேக் பட்டை தேய்ந்துவிட்டதா? பின்னோக்கிச் செல்வதற்கான மிதியை அழுத்தினாலும் வண்டி நிற்கும். ஓடாத நேரத்திலும் அதற்கு ஓய்வில்லை. உயர்த்திய பின்சக்கரத்தில் வார்ப்பட்டை மாட்டி விறகு அறுத்தார்கள், தானியம் அரைத்தார்கள். குதிரை லாயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான் எஞ்சினைக் கற்றுக்கொண்டனர். எந்தப் பயிற்சிக் கல்லூரியும் இவ்வளவு விரைவாகக் கற்பித்திருக்குமா என்பது ஐயமே.

1929-க்குப் பின் கோதுமை விலை சரிந்தது. மேற்குக் கனடாவில் வறட்சியும் சேர்ந்துகொண்டது. கைத்திறனால் எதையும் ஓட வைத்தவர்கள் பெட்ரோல் வாங்கக் காசின்றித் திகைத்தனர். சிலர் மோட்டாரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, முன்னால் ஏர்க்கால் பூட்டிக் குதிரைகளைக் கட்டினர். அவ்வண்டிக்கு, 1930 முதல் 1935 வரை பிரதமராயிருந்த பென்னட்டின் பெயரால் ‘பென்னட் பக்கி’ என்று கசப்போடு பெயரிட்டனர். மெத்தை இருக்கையும் ரப்பர்ச் சக்கரமும் இருந்தபடியே இருந்தன. வேகம் மட்டும் பழைய குதிரையின் வேகம்.

ஃபோர்டு நிறுவனம் 1927 மே மாதத்தில் ‘மாடல் டி’ வண்டியை நிறுத்தியது. அதற்குள் 1.5 கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன. ஆனால் எஞ்சினை மட்டும் 1941 ஆகஸ்டு வரை செய்துகொண்டேயிருந்தது. பழைய வண்டிகளுக்கு மாற்று எஞ்சின் கேட்டு வருவோர் அதுவரையிலும் இருந்தனர்.